வாசிக்கத் தெரியாதவருக்கும் ஒரு கணினி

புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவக் கிராமம் வீராம்பட்டினம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில் இந்த ஊரும் சேர்ந்தது. அங்கே செய்த வேலை எளிமையானது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொட வேண்டியதே இல்லை, காதில் விழுந்தால் போதும்.

செயற்கை அறிவு பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஒலிபெருக்கியோடு சேர்ந்து ராஜ் ரெட்டி ஞாபகத்துக்கு வருவார். இந்தத் திட்டத்துக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருந்த கேள்வி ஒன்றுதான்: எழுத்து தெரியாதவருக்குக் கணினியால் என்ன பயன்?

ராஜ் ரெட்டி 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், காட்டூர் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1958-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படிப்பை முடித்தார். பிறகு ஆஸ்திரேலியா போய், அங்கிருந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். 'செயற்கை அறிவு' என்ற பெயரையே கொடுத்த ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து 1966-ல் பட்டம் வாங்கினார். அவர் எடுத்துக்கொண்ட வேலை, மனிதப் பேச்சை எந்திரத்துக்குப் புரியவைப்பது.

பேச்சைப் புரிந்துகொள்வது ஏன் கஷ்டம்? நம்மூர் உதாரணமே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 'வலை கிழிஞ்சு போச்சு' என்கிறார். பலருடைய பேச்சில் ல-வும் ள-வும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அது வலையா, வளையா? ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வளை உடையும், கிழியாது. அது தெரிந்தவருக்குக் குழப்பமே இல்லை. ஆக, கேட்பதற்குக் காது மட்டும் போதாது, உலக ஞானமும் வேண்டும்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரெட்டியின் குழு 1970-களில் உருவாக்கிய 'ஹியர்சே' இப்படித்தான் வேலை செய்தது. அதன் இரண்டாவது வடிவத்தில் ஒரு பொதுக் கரும்பலகை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி தெரிந்த நிரல் தன் ஊகத்தை அதில் எழுதும். சொல் தெரிந்தது இன்னொன்றை எழுதும், இலக்கணம் தெரிந்தது அதைத் திருத்தும். எந்த நிரலுக்கும் முழு விடை தெரியாது, எல்லாம் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரும். 1976-ல் இதே குழுவின் 'ஹார்ப்பி' 1,011 சொற்களை அடையாளம் கண்டது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

மனிதன் போல நடித்து நம்மை நம்பவைக்கிறதா என்பது ஆலன் டூரிங் வைத்த பரீட்சை. 1994-ல் அவர் பெயரிலான விருதைப் பெற்ற ரெட்டி, அதற்கான உரையில் அறிவுள்ள அமைப்புக்குச் சில இலட்சணங்களைப் பட்டியலிட்டார். அனுபவத்திலிருந்து கற்க வேண்டும், பிழையையும் தெளிவின்மையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும், மனித மொழியில் பேச வேண்டும், உடனுக்குடன் பதில் தர வேண்டும். இவையெல்லாம், எதிரே நிற்கும் மனிதருக்கு எந்திரம் உதவியாக இருக்கத் தேவையான குணங்கள்.

அந்த மனிதர் யார் என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் பாரிஸில், செர்வான்-ஷ்ரைபர் என்ற பத்திரிகையாளர் முன்னின்று, உலகக் கணினி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஏழை நாடுகளுக்குக் கணினியைக் கொண்டுசேர்ப்பது நோக்கம். ரெட்டி அதன் தலைமை விஞ்ஞானி. முன்னாள் பிரெஞ்சுக் காலனியான செனகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி கொடுத்துப் பார்த்தார்கள். இந்தப் பணிக்காக 1984-ல் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரான் அவருக்கு 'லெஜியன் ஆஃப் ஹானர்' விருது தந்தார். இன்னொரு முன்னாள் பிரெஞ்சுப் பகுதியான நம் ஊருக்கு அந்த மையம் வரவில்லை. சில வருஷங்களிலேயே அதை மூடிவிட்டார்கள்.

ஆனாலும் அந்த யோசனையின் ஒரு பாதி வேறு வழியாகப் புதுச்சேரிக் கரைக்கு வந்து சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, இதே திட்டத்தில் இருந்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர்கள் தப்பின. அன்று எந்தக் கணினியும் எச்சரிக்கவில்லை. எச்சரித்தது ஒரு மனிதர். அலை உயரம் சொல்வதற்காக வைத்த ஒலிபெருக்கியும், அதை நம்பிப் பழகிய காதுகளும் தயாராக இருந்தன, அவ்வளவுதான்.

நடக்காமல் போனது மறுபாதி. கரைக்கு ஒலிபெருக்கி பேசியது, கரை பேசியதை எந்த எந்திரமும் கேட்கவில்லை. கொண்டல், கச்சான், வாடை என்று காற்றையும், நீவாடு என்று நீரோட்டத்தையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் மீனவர்கள். ரெட்டியின் கரும்பலகையில் அவர்களும் ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டும்.

இன்றைக்குக் கைப்பேசியிடம் தமிழில் பேசலாம். ஆனால் அது கற்ற தமிழ் பெரும்பாலும் எழுத்துத் தமிழும் செய்தித் தமிழும்தான். என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் இதை 'தரவுப் பற்றாக்குறை' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ரெட்டியின் பட்டியலை வைத்துப் பார்த்தால் குறை தரவில் மட்டும் இல்லை. வீராம்பட்டினத்துப் பெரியவர் 'நீவாடு எப்படி இருக்கு?' என்று கேட்டால், அவர் சொல்வது புரிகிற வரைக்கும் எந்திரம் அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும், கற்றுக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாத எந்திரத்தை அறிவுள்ளது என்று சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது.