டாக்டர் ஹூ பழைய தொடரைப் பார்க்கத் தொடங்குதல்

டாக்டர் ஹூ என்பது ஐக்கிய இராச்சியத்தின் பிபிசி நிறுவனம் தயாரித்த அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். 1963 நவம்பர் 23 அன்று தொடங்கி 1989 டிசம்பர் 6 வரை 26 பருவங்களாக ஒளிபரப்பான பகுதி பழைய தொடர் என வழங்கப்படுகிறது. 1996 இல் வெளியான ஒரு தொலைக்காட்சித் திரைப்படத்துக்குப் பின், 2005 மார்ச் 26 அன்று தொடர் மீண்டும் தொடங்கப்பட்டது. பழைய தொடரில் 150க்கும் மேற்பட்ட கதைகளும் ஏறத்தாழ 700 பகுதிகளும் உள்ளன. இவற்றுள் எதனை முதலில் பார்ப்பது என்பது புதிய பார்வையாளர் பலரும் எழுப்பும் கேள்வியாகும். முதற்பகுதியில் தொடங்கி வரிசையாகப் பார்ப்பதே முறை என்று தோன்றினாலும், இத்தொடரைப் பொறுத்தவரை அவ்வழி எளிதானதன்று.

கதைக்களமும் அமைப்பும்

டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் ஒருவர், டார்டிஸ் என்னும் கலத்தில் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்கிறார். கலம் வெளியிலிருந்து பார்க்க, அக்கால இலண்டன் தெருக்களில் இருந்த நீல நிறக் காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு போல இருக்கும். உள்ளே மிகப் பெரியது. அவருடன் ஓரிருவர் பயணத்துணையாகச் செல்வர். பெரும்பாலும் துணையாகச் செல்பவர் எதுவும் அறியாதவராக இருப்பதால், அவர் கேட்கும் கேள்விகளே பார்வையாளருக்கும் விளக்கம் பெற்றுத் தருகின்றன.

பெரும்பாலான கதைகள் ஏறத்தாழ 25 நிமிடங்கள் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு வாராவாரம் ஒளிபரப்பாயின. நான்கு அல்லது ஆறு பகுதிகள் கொண்ட கதைகளே மிகுதி. வார இதழ்த் தொடர்கதை 'தொடரும்' என்று முடிவது போல, ஒவ்வொரு பகுதியும் யாரேனும் ஆபத்தில் சிக்கும் இடத்தில் நிற்கும். ஒரு கதை முடிந்தால் அது முடிந்ததே. அடுத்த கதை வேறு இடம், வேறு காலம், பெரும்பாலும் வேறு எழுத்தாளர். எனவே நாவலின் அத்தியாயங்களைப் போலன்றி, ஒரே துப்பறிவாளர் வரும் தனித்தனிக் கதைகளைப் போல இவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டர் வேடத்தில் பழைய தொடரில் எழுவர் அடுத்தடுத்து நடித்தனர்: வில்லியம் ஹார்ட்னல் (1963–1966), பாட்ரிக் டிரவுட்டன் (1966–1969), ஜான் பெர்ட்வீ (1970–1974), டாம் பேக்கர் (1974–1981), பீட்டர் டேவிசன் (1981–1984), காலின் பேக்கர் (1984–1986), சில்வெஸ்டர் மெக்காய் (1987–1989). ஹார்ட்னலின் உடல்நலம் குன்றியபோது, டாக்டர் தம் உடலையே புதுப்பித்துக்கொள்வார் என்னும் கருத்து புகுத்தப்பட்டது. தொடர் இத்தனை ஆண்டுகள் நீடித்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். புதிய பார்வையாளருக்கும் இது வசதியானது; ஒவ்வொரு புதிய டாக்டரின் வருகையும் ஒரு புதிய வாயிலாக அமைகிறது.

முன்கதை தெரிந்திருக்க வேண்டுமா

தேவையில்லை. இன்று தொடரின் அடிப்படை என்று கருதப்படும் செய்திகள் பலவும் தொடக்கத்தில் படைப்பாளிகளுக்கே தெரியாதவை. டாக்டர் டைம் லார்ட் என்னும் இனத்தவர் என்பது 1969 இல், ஆறாம் பருவத்தின் இறுதிக் கதையான தி வார் கேம்ஸில்தான் கூறப்பட்டது. அவரது கோளுக்குக் காலிஃப்ரே என்ற பெயர் 1973 இல் வந்தது. உடல் புதுப்பிப்பைக் குறிக்க இன்று வழங்கும் சொல் 1974 இல்தான் முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் பார்த்த மக்கள் இவை எதுவும் தெரியாமலே தொடரை விரும்பிப் பார்த்தனர்.

தொடர் தன்னோடு தானே முரண்படவும் தயங்கவில்லை. டாலெக் என்னும் இயந்திர உயிரினங்களின் தோற்றம் 1963–64 கதையில் ஒரு விதமாகவும் 1975 கதையில் வேறு விதமாகவும் சொல்லப்படுகிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே, டெர்ரி நேசன். எனவே வரிசையாகப் பார்த்தால் எல்லாம் பொருந்திவிடும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாது.

தொலைந்த பகுதிகள்

வரிசையாகப் பார்க்க விரும்புவோர் எதிர்கொள்ளும் உண்மையான தடை இதுவே. 1960களில் ஒளிநாடா விலை உயர்ந்தது. ஒன்றை அழித்து அதன் மேல் மற்றொன்றைப் பதியலாம். மறு ஒளிபரப்பு அரிதாக இருந்தது. வீட்டில் நிகழ்ச்சிகளை வாங்கிப் பார்க்கும் காலம் வரும் என்று எவரும் எண்ணவில்லை. ஆகவே பிபிசி மூல நாடாக்களை அழித்தது. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுக்கப்பட்ட திரைச்சுருள் படிகளும் விற்பனை உரிமை முடிந்தபின் களையப்பட்டன. இந்த அழிப்பு 1978 வரை தொடர்ந்தது.

முதல் ஆறு பருவங்களின் 253 பகுதிகளுள் 97 பகுதிகள் 2013 ஆம் ஆண்டுக் கண்டெடுப்புக்குப் பின்னும் கிடைக்காமல் இருந்தன. மிகுந்த இழப்பு டிரவுட்டனுக்கே: அவர் நடித்த 21 கதைகளுள் 7 மட்டுமே முழுமையாக உள்ளன. அவர் அறிமுகமாகும் தி பவர் ஆஃப் த டாலெக்ஸ் கதையின் ஒரு பகுதிகூட எஞ்சவில்லை. அதற்கு முந்திய தி டென்த் பிளானட் கதையின் நான்காம் பகுதியும் தொலைந்தது. ஆயினும் ஹார்ட்னல் டிரவுட்டனாக மாறும் சில நொடிகள், புளூ பீட்டர் என்னும் சிறுவர் நிகழ்ச்சியில் காட்டப்பட்டதால் தப்பின. தொலைக்காட்சி வரலாற்றில் பெயர்பெற்ற ஒரு தருணம் இவ்வாறு தற்செயலாகவே பிழைத்தது.

ஒலி முழுவதும் எஞ்சியுள்ளது. ஒளிபரப்பின்போது இரசிகர்கள் தம் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வைத்திருந்தமையே இதற்குக் காரணம். அந்த ஒலிக்கு அசைபடம் சேர்த்துப் பல கதைகளை பிபிசி வெளியிட்டுள்ளது. 2006 இல் தி இன்வேஷன் கதையின் இரு பகுதிகள் இம்முறையில் முதலில் நிரப்பப்பட்டன. வெளிநாடுகளில் தங்கிவிட்ட படிகள் சில மீண்டன. 1967 இல் ஒளிபரப்பான தி டூம் ஆஃப் த சைபர்மென் 1991 இல் ஹாங்காங்கிலிருந்து நான்கு பகுதிகளும் முழுமையாகக் கிடைத்தது. 2013 இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்த ஒன்பது பகுதிகளால் தி எனிமி ஆஃப் த வேர்ல்ட் கதை முழுமை பெற்றது.

அசைபடமும் ஒலிப்பதிவும் ஏற்கெனவே தொடரை விரும்புவோருக்குப் பெரும் பேறு. முதன்முதலாக வருபவருக்கு அவை ஏற்றவையல்ல. நடிகரின் முகத்தைக் காணாமல் அவரை விரும்பத் தொடங்குவது கடினம். டிரவுட்டனின் நடிப்போ முகபாவத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது. வரிசையாகப் பார்க்கத் தொடங்குவோர் நான்காவது கதையிலேயே இந்தத் தடையைச் சந்திக்கின்றனர். ஏழு பகுதிகள் கொண்ட மார்க்கோ போலோ (1964) முழுவதும் தொலைந்த கதையாகும்.

பொருத்தமான தொடக்கங்கள்

1970 ஜனவரி 3 அன்று தொடங்கிய ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ் பல காரணங்களால் முதலிடத்தில் வைக்கத்தக்கது. இதுவே தொடரின் முதல் வண்ணக் கதை. டாக்டர் புதியவர், பூமியை விட்டு நீங்க முடியாதபடி தண்டிக்கப்பட்டு வந்தவர், தாம் யார் என்பதைப் பிறருக்கு விளக்க வேண்டிய நிலையில் இருப்பவர். நான்கே பகுதிகள். எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ், பழைய தொடரின் தலைசிறந்த எழுத்தாளராகப் பலராலும் கருதப்படுபவர். பிபிசி அரங்கப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் கதை முழுவதும் அரங்குக்கு வெளியே 16 மி.மீ. திரைச்சுருளில் எடுக்கப்பட்டது. அந்த இடையூறே நன்மையாயிற்று: பழைய தொடரில் முழுவதும் திரைச்சுருளில் எடுக்கப்பட்ட கதை இது ஒன்றே என்பதால், இன்றைய திரைகளிலும் படம் தெளிவாக உள்ளது. கடைக் கண்ணாடிக்குப் பின் நிற்கும் துணிக்கடைப் பொம்மைகள் உயிர்பெற்றுத் தெருவில் இறங்கும் காட்சி இன்றும் அச்சமூட்டுவது.

டாம் பேக்கர் காலத்திலிருந்து தொடங்க விரும்புவோருக்கு 1975 இல் வெளியான தி ஆர்க் இன் ஸ்பேஸ் ஏற்றது. தயாரிப்பாளராக ஃபிலிப் ஹிஞ்ச்கிளிஃப் பொறுப்பேற்ற முதற்கதை இது. உறக்கத்தில் ஆழ்த்தப்பட்ட மனிதகுலத்தின் எச்சத்தைச் சுமந்து விண்ணில் மிதக்கும் நிலையம் ஒன்றில், பூச்சியினம் ஒன்று முட்டையிட்டுவிடுகிறது. ஒருவர் சிறிது சிறிதாகப் பூச்சியாக மாறுவதே கதையின் மையம். மாறும் அவரது கையின் மேல் சுற்றப்பட்டிருப்பது பொருள்களைப் பொதியப் பயன்படும் குமிழ் நெகிழித் தாள்தான், பச்சை வண்ணம் பூசப்பட்டது. இதைக் கண்டு சிரிப்பவரும் உளர். நடிகர் தம் கையைப் பார்க்கும் பார்வையைக் கண்டு சிரிப்பை மறப்பவரும் உளர். பழைய தொடர் ஒருவருக்கு ஒத்துவருமா என்பதை இந்த ஒரு காட்சியே ஏறக்குறைய காட்டிவிடும். குறைந்த செலவில், குறைந்த நேரத்தில், நாடக மேடையின் முறையில் எடுக்கப்பட்ட தொடர் இது. மேடையில் வரைந்த மரத்தை மரமென்று ஏற்பவருக்கு இதனையும் ஏற்பதில் இடர்ப்பாடு இராது.

அதே ஆண்டின் ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ் ஆறு பகுதிகள் கொண்டது, மேலும் இருண்டது. டாலெக்குகள் உருவாகும் முன்பே அவற்றைத் தடுக்குமாறு டாக்டர் அனுப்பப்படுகிறார். இரு கம்பிகளைத் தொடச் செய்தால் அவ்வினமே அழியும் என்ற நிலையில், ஓர் இனத்தை அழிக்கத் தமக்கு உரிமை உண்டா என்று கம்பிகளைக் கையில் வைத்துக்கொண்டே தயங்குகிறார். பழைய தொடரின் சிந்தனை ஆழத்துக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சுட்டப்படும் காட்சி இது. டாலெக்குகளை முன்பின் அறியாதவருக்கும் கதை விளங்கும்.

நகைச்சுவையை விரும்புவோர் சிட்டி ஆஃப் டெத் (1979) கதையை நாடலாம். பாரிசில் படமாக்கப்பட்ட இக்கதையை டக்ளஸ் ஆடம்சும் தயாரிப்பாளர் கிரகாம் வில்லியம்சும் டேவிட் ஃபிஷரின் கருவை அடிப்படையாகக் கொண்டு டேவிட் ஆக்னியூ என்ற புனைபெயரில் எழுதினர். மோனா லிசா ஓவியம் ஒன்றுக்கு மேற்பட்டு இருப்பதிலிருந்து கதை விரிகிறது. இதன் நான்காம் பகுதியை 1 கோடியே 61 இலட்சம் பேர் பார்த்தனர். போட்டி அலைவரிசையான ஐடிவி அப்போது வேலைநிறுத்தத்தால் ஒளிபரப்பின்றி இருந்தது என்பதையும் சேர்த்தே இவ்வெண்ணைக் கருத வேண்டும்.

முதற்கதை பற்றி

வரலாற்று ஆர்வம் உடையோர் ஆன் அனியர்த்லி சைல்ட் என்னும் முதற்கதையின் முதற்பகுதியைத் தவறவிடலாகாது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், இயக்குநர் இலக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன். இரு பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவி ஒருத்தியின் விந்தையான அறிவைக் கண்டு ஐயுற்று, அவளைப் பின்தொடர்ந்து பழைய பொருள் கிடங்கு ஒன்றை அடைகின்றனர். அங்கு அவர்கள் காணும் டாக்டர் அன்பானவர் அல்லர்; எரிச்சல் மிக்க, நம்பத்தகாத முதியவர். இந்த 25 நிமிடங்கள் செறிவானவை. அடுத்து வரும் மூன்று பகுதிகள் கற்கால மனிதர் தீ மூட்டுவது பற்றியவை. முதற்பகுதியின் விறுவிறுப்பு அவற்றில் இல்லை. பலர் இங்கேயே தொடரைக் கைவிடுகின்றனர். முதற்பகுதியைப் பார்த்துவிட்டு நேரே தி அஸ்டெக்ஸ் (1964) கதைக்குச் செல்வது நல்லது. அஸ்டெக் மக்களின் நரபலியை நிறுத்தி வரலாற்றை மாற்ற முயலும் ஆசிரியை பார்பரா தோல்வியடைகிறார். அரக்கர்கள் எவரும் இல்லாத, நான்கு பகுதிகளும் எஞ்சியுள்ள கதை.

பின்னர் பார்க்கத்தக்கவை

சிறந்த கதை என்பதும் சிறந்த தொடக்கம் என்பதும் ஒன்றல்ல. தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி (1984), டாக்டர் ஹூ மாகசின் இதழ் 2009 இல் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. அது டேவிசனின் இறுதிக் கதை. அவரது டாக்டரின் மென்மையை அறிந்தவருக்கே அவர் அதில் படும் துன்பம் முழுமையாக உறைக்கும். ரிமெம்பரன்ஸ் ஆஃப் த டாலெக்ஸ் (1988) 1963 ஆம் ஆண்டு இலண்டனுக்கும் முதற்கதையின் பள்ளிக்கும் திரும்புவதால், முதற்பகுதியைப் பார்த்தபின் காண்பதே சுவை. பத்துப் பகுதிகள் நீளும் தி வார் கேம்ஸ் கதைக்கும் இது பொருந்தும்.

தி டாலன்ஸ் ஆஃப் வெங்-சியாங் (1977) நெடுங்காலம் முதன்மைக் கதைகளுள் ஒன்றாகப் புகழப்பட்டது. அதில் சீனப் பாத்திரம் ஒன்றில் ஐரோப்பிய நடிகர் ஒப்பனையுடன் நடித்துள்ளார். சீனரைக் காட்டும் விதமும் கண்டனத்துக்கு உள்ளாகியுள்ளது. முதற்கதையாக இதனைப் பரிந்துரைக்கும் வழக்கம் இன்று குறைந்துள்ளது. காலின் பேக்கரின் முதற்கதையான தி டுவின் டிலெம்மா (1984) மேற்கூறிய வாக்கெடுப்பில் கடைசி இடம் பெற்றது. புதிய டாக்டரின் வருகை நல்ல வாயில் என்ற விதிக்கு அது விலக்கு.

பார்க்கும் வேகமும் கிடைக்கும் வழிகளும்

ஒரு கதையின் பகுதிகளை ஒரே அமர்வில் தொடர்ந்து பார்ப்பது இக்காலத்தவர் பலரது வழக்கம். இத்தொடருக்கு அது பொருந்துவதில்லை. வாரம் ஒரு பகுதி என்று எழுதப்பட்டதால், சிறைப்படுதல், தப்புதல், மீண்டும் சிறைப்படுதல் என ஒரே நிகழ்வு திரும்பத் திரும்ப வரும்; ஆறு பகுதிக் கதைகளில் இது மிகுதி. நாளுக்கு ஒரு பகுதி வீதம் பார்த்தால் இக்குறை பெரும்பாலும் தெரிவதில்லை. நீளத்தைக் குறைத்து வண்ணமூட்டப்பட்ட பதிப்புகளும் உள்ளன: 1963–64 இல் ஏழு பகுதிகளாக வந்த தி டாலெக்ஸ் 75 நிமிடப் படமாக 2023 நவம்பரிலும், தி வார் கேம்ஸ் 90 நிமிடப் படமாக 2024 டிசம்பரிலும் ஒளிபரப்பாயின. இவை கதையை அறிய உதவும். மூலத்தின் நிதானமான அச்சம் இவற்றில் இல்லை.

எஞ்சியுள்ள கதைகள் குறுவட்டுகளாக வெளிவந்துள்ளன. ஐக்கிய இராச்சியத்தில் 2023 நவம்பர் முதல் பிபிசியின் ஐபிளேயர் இணையச் சேவையில் பழைய தொடர் வழங்கப்பட்டது. ஆயினும் முதற்கதையை எழுதிய ஆன்டனி கோபர்னின் வாரிசுடன் உரிமை உடன்பாடு ஏற்படாததால், தொடக்கத்தில் அத்தொகுப்பு இரண்டாம் கதையிலிருந்தே தொடங்கியது.