பானை வனைந்த கை: ருவாண்டாவின் த்வா பெண்களும் நியாய வணிகமும்

ருவாண்டா நாட்டின் அரசுச் சின்னத்தைப் பாருங்கள். 2001-இல் ஏற்கப்பட்ட அந்தச் சின்னத்தில் சோளக்கதிர், காப்பிக் கிளை, பற்சக்கரம், இரண்டு கேடயங்கள் உண்டு. அவற்றோடு கூம்பு மூடி போட்ட ஒரு கூடையும் உண்டு. ஒரு கைவினைப் பொருளை நாட்டின் அடையாளமாக்கிய பெருமை ருவாண்டாவுக்கு இருக்கிறது.

அந்தக் கூடையைப் போலவே ருவாண்டாவின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த இன்னொரு கைவினைப் பொருள் மண்பானை. சோறாக்க, தண்ணீர் பிடிக்க, மது ஊறவைக்க என எல்லாவற்றுக்கும் பானைதான். அந்தப் பானைக்குச் சின்னத்தில் இடம் இல்லை. சின்னத்தை வரைந்தவர்கள் என்ன நினைத்து வரைந்தார்கள் என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். கூடை முடைந்தவர்கள் யார், பானை வனைந்தவர்கள் யார் என்ற கேள்வி மட்டும் போதும். ஆப்பிரிக்கப் பெண் கைவினைஞர்களுக்கு 'நியாய விலை' கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது நாம் எதை விட்டுவிடுகிறோம் என்பதை இந்தக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் கூடையின் கதை. அகசெகே என்று அழைக்கப்படும் இந்தக் கூடையின் மிக நுட்பமான வகைகளை முடைந்தவர்கள் அரசவையைச் சார்ந்த டுட்சி உயர்குடிப் பெண்கள். கல்யாணச் சீரிலும் விருந்தினருக்குத் தரும் பரிசிலும் அதற்கு மரியாதையான இடம் இருந்தது. 1994-இல் நூறு நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேரைக் கொன்று குவித்த இனப்படுகொலைக்குப் பிறகு, கணவனையும் பிள்ளைகளையும் இழந்த பெண்களும், கணவன் சிறையில் இருந்த பெண்களும் மரத்தடியில் ஒன்றாக அமர்ந்து கூடை முடையத் தொடங்கினார்கள். உகாண்டாவில் அகதிகளாக வளர்ந்து நாடு திரும்பிய ஜேனட் என்குபானா, ஜாய் என்டுங்குட்சே என்ற சகோதரிகள் ககாயா லிங்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அவர்களைத் திரட்டினார்கள். 2005 முதல் அந்தக் கூடைகள் அமெரிக்காவின் மேசிஸ் கடைகளில் 'அமைதிக் கூடை' என்று விற்பனைக்கு வந்தன. 2008-இல் என்குபானாவுக்குத் 'தலைமைக்கான ஆப்பிரிக்கப் பரிசு' கிடைத்தது.

இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நேற்றுவரை எதிரெதிராக நிறுத்தப்பட்ட டுட்சிப் பெண்ணும் ஹூட்டுப் பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்து சம்பாதித்ததும், சொந்தக் கையில் காசு புழங்கியதும் பெரிய காரியம். ஆனால் ருவாண்டாவில் மூன்றாவதாக ஒரு மக்கள் இருக்கிறார்கள். உலகம் ஹூட்டு, டுட்சி என்று இரண்டு பெயர்களை மட்டும் சொல்லிப் பழகியதால் அந்த மூன்றாவது பெயர் பலர் காதிலும் விழுவதில்லை. அவர்கள்தான் த்வா மக்கள்.

த்வா மக்கள் மொத்த மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்றே காலங்காலமாகச் சொல்லப்படுகிறார்கள். காடுகளில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்தவர்கள். உழவர்களும் மாடு வளர்ப்பவர்களும் காட்டை அழித்து வயலும் மேய்ச்சல் நிலமுமாக மாற்ற மாற்ற, வாழ்வதற்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. சிலர் மன்னரின் அவையில் ஆட்டக்காரர்களாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். பெரும்பாலானோர் பானைத் தொழிலுக்கு வந்தார்கள். ஆண்களும் இந்த வேலையில் கை கொடுத்தாலும் பெண்களே இதன் முதுகெலும்பு. சதுப்பு நிலத்தில் களிமண் தோண்டி, தலையில் சுமந்து வந்து, கல்லும் வேரும் பொறுக்கி, மிதித்துப் பதப்படுத்தி, சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்து, புல்லும் சுள்ளியும் மூட்டித் திறந்தவெளியில் சுட்டு எடுப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடப்பதும் பெண்கள்தான்.

இனி நான் சொல்லப்போவது தமிழ்நாட்டுச் சேரியில் பிறந்த யாருக்கும் புதிதாக இருக்காது.

ருவாண்டாவில் வாழைப்பழ மதுவையும் சோள மதுவையும் பானையில் வைத்து, அதைச் சுற்றி உட்கார்ந்து, நாணல் குழாய் வழியாக எல்லோரும் உறிஞ்சிக் குடிப்பது வழக்கமாக இருந்தது. ஒரே குழாயைக் கைமாற்றிக் குடிப்பது நட்புக்கு அடையாளமாக இருந்தது. அந்தக் குழாயில் த்வாவின் வாய் படக்கூடாது. பானை த்வா பெண் வனைந்தது. அதற்குத் தீட்டு இல்லை. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் தீட்டு. த்வாக்களோடு சேர்ந்து உண்ணமாட்டார்கள், பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள், பக்கத்தில் அமரவிடமாட்டார்கள். மதுக்கடையில் அவர்களுக்குத் தனிப் பாத்திரம், சந்தையில் ஒதுக்குப்புறம். தண்ணீர் எடுக்கும் இடத்திலும் ஒதுக்கினார்கள். இரட்டைக் குவளைக்குக் கண்டம் ஒரு தடையே அல்ல போலும்.

இந்த அருவருப்புக்கு ஒரு சாக்கும் வைத்திருந்தார்கள். த்வாக்கள் செம்மறியாட்டுக் கறி தின்பவர்களாம்! ஹூட்டுகளும் டுட்சிகளும் மரபாக அந்தக் கறியைத் தொட்டதில்லை. நம் ஊரில் மாட்டுக்கறி, அங்கே செம்மறிக்கறி. யாரை ஒதுக்குவது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு அவர்கள் தட்டில் காரணம் தேடுகிறார்கள்.

பெல்ஜியக் காலனி ஆட்சி 1930-களில் ஒவ்வொருவர் கையிலும் ஹூட்டு, டுட்சி, த்வா என்று அச்சிட்ட அடையாள அட்டையைத் திணித்தது. எரிமலைப் பகுதிக் காடும், ந்யுங்வே காடும் காப்புக் காடுகளாயின. விடுதலைக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. 1980-களில் உலக வங்கிப் பணத்தில் நடந்த திட்டத்துக்காகக் கிஷ்வதி காட்டின் பெரும்பகுதி அழிக்கப்பட்டு, அங்கிருந்த த்வாக்கள் வெளியேற்றப்பட்டார்கள். காடு போன பிறகு மிஞ்சியது களிமண் மட்டும்தான்.

அந்தக் களிமண்ணும் கையை விட்டுப் போனது. சதுப்பு நிலங்களில் யார் வேண்டுமானாலும் மண் எடுக்கலாம் என்பது பழைய வழக்கம். அந்த நிலங்கள் நெல் வயல்களாகவும் கூட்டுறவுப் பண்ணைகளாகவும் மாறத் தொடங்கின. 2005-இல் வந்த நிலச் சட்டம் சதுப்பு நிலங்களை அரசின் உடைமை என்று எழுதியது. ஒரு காலத்தில் இலவசமாகக் கிடைத்த மண்ணுக்கு இப்போது வெகுதூரம் நடக்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும், அல்லது விரட்டப்பட வேண்டும். இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் குடமும் அலுமினியச் சட்டியும் சந்தைக்கு வந்து பானையின் விலையைத் தரைக்கு இறக்கின. பல நாள் உழைப்பில் உருவான பானை ஒரு வேளைச் சோற்றுக்குக்கூடப் போதாத விலைக்குப் போனது.

1994 படுகொலையில் த்வாக்களும் செத்தார்கள். ருவாண்டாவின் த்வாக்களில் மூன்றில் ஒரு பங்கினர்வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. உலகம் அந்தப் படுகொலையை நினைவுகூரும்போது இந்த எண்ணிக்கையை யாரும் சொல்வதில்லை.

இப்போது நியாய வணிகத்துக்கு வருவோம். கைவினைஞருக்கு உரிய விலை கொடுத்து வாங்கி விற்பது என்ற இந்த இயக்கத்தின் தொடக்கம் ஆப்பிரிக்காவில் இல்லை. 1946-இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண் போர்ட்டோ ரிக்கோ பெண்களின் தையல் வேலைப்பாடுகளை வாங்கித் தன் ஊரில் விற்றதிலிருந்து அதன் கதையைச் சொல்வார்கள். 1968-இல் டெல்லியில் நடந்த ஐ.நா. வணிக, வளர்ச்சி மாநாட்டில் ஏழை நாடுகள் உதவி வேண்டாம், நியாயமான வணிகம் வேண்டும் என்று குரல் எழுப்பின. 1969-இல் நெதர்லாந்தின் ப்ரூகெலன் நகரில் இதற்கென்றே ஒரு கடை திறந்தார்கள். 1989-இல் உலக அளவிலான கூட்டமைப்பு உருவானது. இன்று உலக நியாய வணிக அமைப்பு என்று அழைக்கப்படும் அந்தக் கூட்டமைப்புக்குப் பத்துக் கொள்கைகள் உண்டு. அவற்றில் ஆறாவது, பாகுபாடு கூடாது என்பது. இனம், மதம், பாலினம் ஆகியவற்றோடு 'சாதி' என்ற சொல்லும் அதில் இருக்கிறது. மாணவத் தோழர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கைவினைப் பொருள்களில் நியாய வணிகச் சின்னம் ஒட்டி விற்பவர்களிடம் நாளை நீங்கள் கேள்வி கேட்க இது ஒரு ஆயுதம்.

2000-களில் நியாய வணிகம் த்வா பெண்களிடமும் வந்தது. கவுர்வா என்ற த்வா மக்களின் அமைப்பும், பிரிட்டனைச் சேர்ந்த காட்டு மக்கள் திட்டம் என்ற அமைப்பும் சேர்ந்து 'டான்சிங் பாட்ஸ்' என்ற முயற்சியை நடத்தின. ஆடும் பானைகள் என்று பொருள். த்வாக்களின் இரண்டு கலைகளான ஆட்டமும் பானையும் அந்தப் பெயரில் இருந்தன. புது வடிவங்களுக்குப் பயிற்சி, கிகாலியில் விற்பனை, இடைத்தரகர் இல்லாத விலை என்று வேலை நடந்தது. சந்தையின் ஒதுக்குப்புறத்தில் குந்தியிருந்த பெண்ணுக்கு, தன் பானைக்குத் தானே விலை சொல்லும் வாய்ப்பு கிடைத்தது.

ஆனால் அதே காலத்தில் அரசு அந்த அமைப்பின் பெயரைக் கேள்வி கேட்டது. கவுர்வா என்பதன் விரிவு 'ருவாண்டாவின் பூர்வகுடிச் சமூகம்'. இனப்படுகொலைக்குப் பிறகு எழுதப்பட்ட 2003 அரசமைப்புச் சட்டமும் பிரிவினைவாதத்துக்கு எதிரான சட்டங்களும் எல்லோரும் ருவாண்டர்களே என்கின்றன. இன அடையாள அட்டையை வைத்து ஆள் பிரித்துக் கொன்ற நாட்டில் அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். 'பூர்வகுடி' என்ற சொல் இருக்கும்வரை பதிவு கிடையாது என்றானது. இழுபறிக்குப் பிறகு அமைப்பு தன் பெயரை மாற்றிக்கொண்டது. கோபோர்வா, அதாவது 'ருவாண்டாவின் பானை வனைவோர் சமூகம்'.

தாங்கள் யார் என்று சொல்ல அவர்களுக்குச் சட்டம் அனுமதித்த பெயர், அவர்களை ஒதுக்கி வைக்கக் காரணமான அதே தொழிலின் பெயர். அரசு ஆவணங்களில் அவர்கள் 'வரலாற்றில் பின்தள்ளப்பட்டவர்கள்'. பின்தள்ளியது யார் என்று அந்தச் சொல்லில் இல்லை. பெயர் இல்லாவிட்டால் கணக்கெடுப்பு இல்லை. கணக்கெடுப்பு இல்லாவிட்டால் எத்தனை த்வா பெண்களுக்கு நிலம் இருக்கிறது, எத்தனை த்வா பிள்ளைகள் பள்ளி முடித்தார்கள் என்று கேட்க வழி இல்லை. 'இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்?' என்று நம்மிடம் கேட்பவர்களின் குரல் இதில் உங்களுக்குக் கேட்கிறதா?

1936-இல் அம்பேத்கர் சாதியைப் பற்றி எழுதியபோது ஒரு பொருளாதார உண்மையைச் சுட்டிக்காட்டினார். பிறப்பால் ஒரு தொழிலில் கட்டிப்போடப்பட்டவர், அந்தத் தொழில் சோறு போடாவிட்டாலும் வேறு தொழிலுக்குப் போக முடிவதில்லை என்பது அது. பிளாஸ்டிக் குடம் வந்த பிறகும் த்வா பெண் பானையே வனைந்துகொண்டிருந்ததற்கு மரபின் மீதான பற்று மட்டுமா காரணம்? நிலம் இல்லை, படிப்பு இல்லை, அவள் சமைத்ததை வாங்கித் தின்ன ஆள் இல்லை. வேறு எங்கே போவாள்? இந்த நிலையில் அவள் பானையின் விலையை இரண்டு மடங்காக்குவது தேவைதான். அதோடு நின்றால், அவளை அதே குழியில் சற்று வசதியாக உட்காரவைத்ததாகவே ஆகும்.

2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் தலித் இயக்கங்கள் சாதியை விவாதப் பொருளாக்கப் போராடின. இந்திய அரசு அதைத் தடுத்தது. ஆனால் அடுத்த ஆண்டே இனப் பாகுபாடு ஒழிப்புக்கான ஐ.நா. குழு தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில், பிறப்பின் வழியே வரும் தகுதியை வைத்து ஒதுக்குவதும் பாகுபாடே என்று எழுதியது. சாதியும் அதைப் போன்ற பிற பரம்பரை ஏற்பாடுகளும் அதில் அடக்கம். ஆப்பிரிக்க மண்ணில் நாம் தொடங்கிய வாதம், பிறப்பால் ஒதுக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களுக்கும் பயன்படக்கூடிய கருவியாகியிருக்கிறது.

ஆகவே, கைவினைப் பெண்களுக்கு ஆதரவு என்று யாராவது ஒரு கண்காட்சி வைத்தால், அது ஆப்பிரிக்கக் கூடையாகட்டும் நம் ஊர்ப் பாயாகட்டும், போய்ப் பாருங்கள், முடிந்தால் வாங்குங்கள். வாங்கும்போது சில கேள்விகளையும் கேளுங்கள். இதைச் செய்த பெண்ணுக்கு எவ்வளவு போகிறது? மண்ணும் புல்லும் மூங்கிலும் எடுக்கும் நிலம் யார் கையில் இருக்கிறது? நிர்வாகத்தில் உட்கார்ந்து விலை முடிவு செய்பவர்களில் அந்தச் சமூகத்துப் பெண் ஒருத்தியாவது உண்டா? அவள் மகள் இந்தத் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக விரும்பினால் அதற்கு வழி செய்திருக்கிறீர்களா?

விற்பவர்களிடம் பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் இருக்கும். மற்றவற்றையும் விடாமல் கேட்கப் பழகுவோம், தோழர்களே.