பாகுவில் 3 நிமிட ஆட்டம்

2023 ஆகஸ்ட் 17. அஜர்பைஜான் நாட்டின் பாகு நகரில் உலகக் கோப்பை சதுரங்கக் கால் இறுதி. எதிரெதிரே இரு நண்பர்கள்: சென்னை பிரக்ஞானந்தா, வாரங்கல் அர்ஜுன் எரிகைசி. 8 ஆட்டம் முடிந்தும் 4-4.

மீதி ஒரே பிளிட்ஸ் ஆட்டம். ஆளுக்கு 3 நிமிடம், நகர்த்தலுக்கு 2 விநாடி கூடுதல். எங்கள் மேல்பட்டாம்பாக்கத்துத் திண்ணையில் ஒரு காய் நகர்வதற்குள் ஒருமுறை வெற்றிலை போட்டுவிடலாம். அங்கே மூச்சுவிட நேரமில்லை.

வென்றவர் 18 வயது பிரக்ஞானந்தா. மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்துக்குப் பின் அரையிறுதி கண்ட இரண்டாவது இந்தியர். இறுதியில் கார்ல்சனிடம் தோற்றாலும் 2024 டொரண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம் கிடைத்தது. அர்ஜுனுக்கு அது கிட்டவில்லை. பல வருட உழைப்பு, நண்பர்களே, அந்த 3 நிமிடத்தில்தான் தரம் பிரிந்தது.