ஹார்மன் கிரெய்க்

ஹார்மன் கிரெய்க் (மார்ச் 15, 1926 – மார்ச் 14, 2003) ஓர் அமெரிக்கப் புவிவேதியியலாளர் ஆவார். இயற்கை நீரில் உள்ள ஐதரசன், ஆக்சிசன் ஓரிடத்தான்களை அளந்து, அந்நீர் எங்கிருந்து வந்தது, வரும் வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பவற்றை அறியும் முறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர். இவர் 1961 இல் வெளியிட்ட உலக மழைநீர்க் கோடு நிலத்தடி நீர் ஆய்வில் இன்றும் அன்றாடம் பயன்படுகின்றது.

வாழ்க்கை

கிரெய்க் நியூயார்க் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில், டியூட்டீரியத்தைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ஹரால்டு யூரியின் மாணவராகச் சேர்ந்து 1951 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1955 இல் ரோஜர் ரெவெல்லின் அழைப்பை ஏற்றுக் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் இணைந்தார். இறுதிவரை அங்கேயே இருந்தார்.

நீரில் உள்ள அடையாளம்

எல்லா நீர் மூலக்கூறுகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. கடல்நீரில் ஏறத்தாழ 6400 ஐதரசன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியமாகவும், ஏறத்தாழ 500 ஆக்சிசன் அணுக்களுக்கு ஒன்று ஆக்சிசன்-18 ஆகவும் இருக்கும். இவற்றைக் கொண்ட கனமான மூலக்கூறுகள் ஆவியாகும்போது பின்தங்குகின்றன. ஆவி குளிர்ந்து மழையாகும்போது முந்திக்கொள்கின்றன. எனவே, கடலிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் முகில், வழிநெடுகப் பொழியப் பொழிய, கன ஓரிடத்தான்களை இழந்துகொண்டே போகின்றது. மலை உச்சியிலும் துருவப் பகுதிகளிலும் விழும் மழையும் பனியும் கடற்கரை மழையைவிட இலேசானவையாக இருப்பதன் காரணம் இதுவே. மழைநீர் நிலத்துக்குள் இறங்கிய பின், வெப்பம் மிகாத நிலத்தடிப் படுகைகளில் இவ்விகிதம் மாறுவதில்லை. நீரில் சாயம் கலந்து அதன் போக்கைப் பார்ப்பது போன்றதே இது; ஆனால் இங்கு சாயத்தை இயற்கையே கலந்து வைத்துள்ளது. இத்தகையவை சூழல் சுவடுகாட்டிகள் எனப்படுகின்றன.

வேறுபாடுகள் மிகச் சிறியவை ஆதலால், அவை ஒரு செந்தர நீரிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகுகின்றன என்று குறிக்கப்படுகின்றன. ஆய்வகங்கள் தத்தம் செந்தரத்தை வைத்துக்கொண்டு அளந்ததால் ஒருவர் முடிவை மற்றொருவருடன் ஒப்பிடுவது கடினமாக இருந்தது. 1961 இல் கிரெய்க் 'சராசரி கடல்நீர்ச் செந்தரம்' ஒன்றை வரையறுத்தார். விந்தை என்னவெனில், அப்பெயரில் அன்று ஒரு குப்பி நீர்கூட இருக்கவில்லை. அச்செந்தரம், பொட்டோமாக் ஆற்று நீரைக் காய்ச்சி வடித்துச் செய்த வேறொரு மேற்கோள் நீரின் வழியாகக் கணக்கில் மட்டும் வரையறுக்கப்பட்டது. பன்னாட்டு அணுசக்தி முகமைக்காக உண்மையான செந்தர நீர் 1960களின் இறுதியில்தான் உருவாக்கப்பட்டது. கிரெய்க்கும் ரே வைசும் அதனை ஆயத்தம் செய்தனர்.

உலக மழைநீர்க் கோடு

அதே ஆண்டு 'சயன்சு' இதழில் கிரெய்க் எழுதிய கட்டுரை இரண்டே பக்கங்கள் கொண்டது. பல நாடுகளின் ஆறு, ஏரி, மழை, பனி ஆகியவற்றிலிருந்து பெற்ற ஏறத்தாழ 400 நீர் மாதிரிகளை வரைபடத்தில் குறித்தபோது, பெரும்பாலானவை ஒரே நேர்கோட்டில் அமைந்தன:

டியூட்டீரிய விலகல் = 8 × ஆக்சிசன்-18 விலகல் + 10

எடுத்துக்காட்டாக, ஒரு நீரின் ஆக்சிசன்-18 விலகல் –6 எனில் டியூட்டீரிய விலகல் –38 அளவில் இருக்க வேண்டும். இருந்தால் அது ஆவியாதலால் மாறாத மழைநீர் எனக் கொள்ளலாம். கிழக்கு ஆப்பிரிக்காவின் வெளியேற்றமற்ற ஏரிகள் இக்கோட்டில் அமையவில்லை. அவை 8க்குப் பதிலாக 5 அளவில் சாய்வு கொண்ட மற்றொரு கோட்டில் விழுந்தன. திறந்த வெளியில் ஆவியாகி எஞ்சிய நீரின் அடையாளம் இதுவாகும். இதனால், ஒரு கிணற்று நீர் மழையிலிருந்து நேரே ஊறியதா, ஏரியிலோ பாசன வயலிலோ தேங்கி ஆவியான பின் ஊறியதா என்று பிரித்தறிய முடிகின்றது. நீரில் உப்பு மிகுந்திருப்பதன் காரணம் ஆவியாதலா, பாறையிலுள்ள உப்பு கரைந்ததா என்ற கேள்விக்கும் இதே வழியில் விடை தேடலாம். பாறை உப்பைக் கரைப்பதால் மட்டும் நீர் கோட்டை விட்டு விலகாது.

கடல்நீர் தானே இக்கோட்டில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இரு விலகல்களும் சுழியாக உள்ள நீருக்குச் சமன்பாடு பொருந்தாது. கடற்பரப்பின் மேலுள்ள காற்று முழு ஈரப்பதம் பெற்றிராததால், நீர் சமநிலை இல்லாமல் ஆவியாவதே இந்த 10 என்ற எண்ணின் மூலம் ஆகும். இதனைக் கிரெய்க்கும் லூயிஸ் கார்டனும் 1965 இல் வெளியிட்ட மாதிரி விளக்குகின்றது. இவ்வெண் எல்லா இடங்களுக்கும் பொதுவானதன்று. கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதி மழையில் அது 22 அளவில் உள்ளது. உலகம் முழுவதுமான மழைமாதிரிகளைக் கொண்டு 1993 இல் வெளியான கணக்கீடு சாய்வை 8.17 என்றும் மாறிலியை 10.35 என்றும் திருத்தியது. இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றுக்கு இது மிகச் சிறிய திருத்தமே.

வெந்நீர் ஊற்றுகள்

எரிமலைப் பகுதி வெந்நீரும் நீராவியும் பாறைக்குழம்பிலிருந்து முதன்முறையாக வெளிவரும் நீர் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. கிரெய்க் 1956 இல் போட்டோ, வைட் ஆகியோருடனும், 1963 இல் தனித்தும் வெளியிட்ட ஆய்வுகள் இதனை அசைத்தன. இத்தாலியின் லார்டெரெல்லோ, அமெரிக்காவின் ஸ்டீம்போட் ஊற்றுகள் போன்ற இடங்களில், வெந்நீரின் டியூட்டீரியம் அவ்வூர் மழையின் டியூட்டீரியத்தை ஒத்திருந்தது. ஆக்சிசன்-18 மட்டும் கூடியிருந்தது. பாறையில் ஐதரசன் மிகக் குறைவு. ஆக்சிசனோ எடையில் ஏறத்தாழ பாதி. ஆகவே, உள்ளே இறங்கிய மழைநீர் வெப்பத்தில் பாறையுடன் ஆக்சிசனை மட்டும் பரிமாறிக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கமாயிற்று. புவிவெப்ப மின்னாக்கத்துக்கு இது முக்கியமானது. வெப்பம் ஆழத்திலிருந்து வந்தாலும் நீர் மழையிலிருந்து வர வேண்டும். எடுக்கும் அளவுக்கு ஊறாவிடில் அழுத்தம் குறையும்.

எனினும் இம்முடிவை எல்லா இடத்துக்கும் நீட்ட இயலாது. ஓரிரு விழுக்காடு பாறைக்குழம்பு நீர் கலந்திருந்தால் அதனை இம்முறை காட்டாது. கண்டத்தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று அமிழும் எல்லைகளில் உள்ள எரிமலைகளில் அத்தகைய நீர் கணிசமாகக் கலப்பதை வெர்னர் கிக்கென்பாக் 1992 இல் எடுத்துக்காட்டினார்.

பழைய நீர்

இம்முறை நீரின் வயதை நேரே கூறுவதில்லை. அதற்குக் கரிமம்-14, டிரிட்டியம் போன்ற கதிரியக்கச் சுவடுகாட்டிகள் துணையாக வேண்டும். இரண்டும் சேரும்போது கிடைக்கும் செய்தி சில வேளைகளில் கவலை தருவதாகும். எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் நூபிய மணற்கல் படுகையின் நீர், இன்றைய மழையைவிடக் கன ஓரிடத்தான்கள் மிகக் குறைந்தது. அது குளிர்ந்த, ஈரமான பழங்காலத்தில் ஊறியது எனக் கொள்ளப்படுகின்றது. 2004 இல் வெளியான கிரிப்டான்-81 அளவீடுகள் அதன் வயதை ஏறத்தாழ 2 இலட்சம் முதல் 10 இலட்சம் ஆண்டுகள் எனக் காட்டின. அங்கு இறைக்கும் நீர் ஈடுசெய்யப்படுவதில்லை.

பிற ஆய்வுகள்

1969 இல் கிளார்க், பெக் ஆகியோருடன் இணைந்து, பசிபிக் ஆழ்கடல் நீரில் ஈலியம்-3 மிகுந்திருப்பதைக் கண்டறிந்து, புவி தோன்றியபோது சிறைப்பட்ட வளிமம் இன்னும் வெளியேறி வருவதைக் காட்டினார். 1970களில் உலகப் பெருங்கடல்களை அளந்த ஜியோசெக்ஸ் திட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். துணைவியார் வலேரியுடன் 1972 இல் வெளியிட்ட ஆய்வில், பழங்கிரேக்கச் சிற்பங்களின் சலவைக்கல் எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது என்பதையும் ஓரிடத்தான்களைக் கொண்டே பிரித்தார்.

இவருக்கு 1979 இல் கோல்டுஷ்மிட் பதக்கமும், 1987 இல் வாலஸ் புரோக்கருடன் வெட்லெசன் பரிசும், 1998 இல் பால்சான் பரிசும் வழங்கப்பட்டன. தமது 77 ஆவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள் மாரடைப்பால் காலமானார்.