கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் 14

ஒரு கட்டைவிரலின் விலை என்ன?

துரோணர் கேட்டபோது ஏகலைவன் பேரம் பேசவில்லை. அறுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். வெள்ளைக்காரன் அப்படி விடுவானா? 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, பின்னாலேயே ஒரு பட்டியலையும் ஒட்டிவைத்தான். விரல்களுக்கான ரேட் கார்டு! பிற்பாடு திருத்தப்பட்ட அந்தப் பட்டியலின்படி, கட்டைவிரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் போச்சு என்று அர்த்தம். ஆள்காட்டி விரலுக்கு 14. நடுவிரலுக்கு 12. ஒரு கையின் நாலு விரலும் போனால் 50.

மெஷினுக்குத் தேய்மானம் எழுத வேண்டும் என்று பி.காம். வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். மனுஷனுக்கும் எழுதுவார்கள் என்பது இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பெரம்பலூர் பக்கம் போகலாம், வாருங்கள்.

1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்த மாவட்டம் பெரம்பலூர். 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ஒரே பலகையை இத்தனை தடவை அறுத்து ஒட்டினால் எந்த ஆசாரியும் கோபித்துக்கொள்வார்! அரியலூர் என்றதும் சிமென்ட் ஞாபகத்துக்கு வரும். பெரம்பலூர் என்றால் மரம். அங்கே சாத்தனூரில் சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தைய மரம் ஒன்று, 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் உலகுக்குச் சொன்ன மரம் அது.

கல்லாகாத மரத்துக்குப் பேர்போன ஊர் அரும்பாவூர். பச்சைமலை அடிவாரம், வேப்பந்தட்டை தாலுகா. வாகை, மா, வேம்பு என்று ஒரே கட்டையிலிருந்து சாமி சிலைகளைச் செதுக்கி எடுக்கிறார்கள். கோயில் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும் இந்தப் பட்டறைகளிலிருந்து போகின்றன. 2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மொத்த மூலதனமும் உளி, கொட்டாப்புளி... அப்புறம் பத்து விரல்கள்.

சிலைக்கு உளிதான். ஆனால், கதவு, பீடம், பலகை என்று வந்துவிட்டால் மட்டமாக இழைத்தாக வேண்டும். முன்பு இழைப்புளியைப் பிடித்து நாள் முழுக்கத் தள்ளினார்கள். இன்று ஒருவர் தூக்கி வைக்கிற அளவில் மெஷின் வந்துவிட்டது. ஒரு பக்கம் பலகையைக் கொடுத்தால், மறு பக்கம் ஒரே கனத்தில் வழவழவென்று வந்து விழும்.

இந்த மெஷினின் பூர்வீகம் எங்கே தெரியுமா? ஜெயிலில்!

இங்கிலாந்தில் ஜெரமி பெந்தாம் என்று ஒரு தத்துவ மேதை. கைதிகளை ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க வட்டமான ஜெயில் ஒன்றுக்குத் திட்டம் போட்டார். உள்ளே இருப்பவர்களுக்கு வேலை வேண்டுமே? தம்பி சாமுவேல் பெந்தாம் 1791-ல் மரம் இழைக்கும் மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினார். தொழில் தெரியாத கைதியும் ஆசாரி வேலையைச் செய்ய வேண்டும் என்பது அண்ணன், தம்பியின் கணக்கு. அந்த ஜெயில் கடைசிவரை கட்டப்படவில்லை. மெஷின் மட்டும் தப்பித்து வெளியே வந்துவிட்டது.

1828-ல் அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த், சுழலும் கத்தியும் பலகையை இழுக்கும் ரோலரும் சேர்ந்த மெஷினுக்கு பேட்டன்ட் எடுத்தார். 14 வருஷத்தில் முடிய வேண்டிய உரிமையை நீட்டித்து நீட்டித்து, 1856 வரை 28 வருஷம் ஓட்டினார்கள். பலகை இழைத்தவனெல்லாம் கப்பம் கட்டினான்.

கப்பம் காசில் மட்டும் இல்லை. அந்தக் காலத்து இழைப்பு மெஷின்களில் கத்தி மாட்டும் உருளை, உருளையே அல்ல, சதுரக் கட்டை. சதுரம் சுற்றும்போது மேஜைக்கும் அதற்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். பலகையைக் கையால் தள்ளுகிற மெஷினில் கை வழுக்கினால், விரல் மொத்தமாக அதற்குள் போய்விடும். கட்டையை உருண்டையாக்கினால் இடைவெளி சின்னதாகிவிடும். கை பட்டாலும் நுனியோடு போகும். இவ்வளவுதான் தீர்வு! கையால் தள்ளி இழைக்கும் மெஷினில் உருண்டைக் கட்டை கட்டாயம் என்று பிரிட்டிஷ் அரசு விதி போட்டது 1922-ல். உட்வொர்த் பேட்டன்ட் எடுத்து 94 வருஷம் கழித்து.

அப்புறம் மெஷின் சுருங்க ஆரம்பித்தது. 1958-ல் ஜப்பானின் மகிட்டா கம்பெனி கையில் பிடிக்கும் மின்சார இழைப்புளியை விற்றது. 1980-களில் ரியோபி கம்பெனி, பலகையின் கனத்தைச் சமப்படுத்தும் மெஷினைத் தூக்கிச் செல்லும் சைஸுக்குக் கொண்டுவந்தது. ‘டிபன் பாக்ஸ்’ என்றே வெளிநாட்டில் அதற்குச் செல்லப் பெயர்.

இதில் கத்தி பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் பயமும் இல்லை. ஆபத்தே அதுதான்.

பலகையைத் தள்ளுவது நீங்கள் இல்லை, ரோலர். அது பலகையை இழுக்கும். பலகையோடு கையுறையை, தோளில் கிடக்கிற துண்டை, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றையும் இழுக்கும். கையுறை பாதுகாப்பு என்று நினைப்போம். இங்கே அதுதான் எமன். பலகை உள்ளே மாட்டிக்கொண்டால் விரலை விட்டுத் தள்ளிப் பார்க்கக் கூடாது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கத்தி சுற்றுவது நின்ற பிறகே திறக்க வேண்டும்.

சின்னத் துண்டு இன்னொரு வில்லன். முன் ரோலர் விட்டு, பின் ரோலர் பிடிப்பதற்குள் துண்டைப் பிடிக்க ஆளில்லை. கத்தி அதை வந்த வழியே எறியும். பல மெஷின்களில் ஒரு அடிக்குக் குறைந்த துண்டே கூடாது. அதனால்தான் பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கச் சொல்கிறார்கள். பழைய வீட்டு உத்தரம், பழைய கதவு என்றால் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. ஒரே இழைப்பில் நிறைய எடுக்கிற பேராசையும் வேண்டாம். மெஷினை மேஜையோடு போல்ட் போட்டு முறுக்கிவிட வேண்டும்.

நம்ம ஊருக்கென்றே ஒன்று உண்டு. கரன்ட் போனால் முதலில் ஸ்விட்சை அணையுங்கள். சில மெஷின்கள் கரன்ட் வந்ததும் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் கை எங்கே இருக்கும் என்பது யாருக்குத் தெரியும்?

தூசியையும் மறக்க வேண்டாம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வெளியிட்டுவிட்டது. துண்டால் மூக்கைக் கட்டுவது போதாது. நல்ல மாஸ்க் வேண்டும்.

‘இதையெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளாதா?’ என்று கேட்கிறீர்களா? 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை பார்த்தால்தான் அதைத் தொழிற்சாலையாக மதித்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்பு, அந்த எண்ணை 20 ஆக்கியது. அப்பாவும் மகனும் மச்சானுமாக மூன்று பேர் உழைக்கிற பட்டறை எந்தக் கணக்கில் வரும்? இழப்பீடு கேட்கவும் ஒரு முதலாளி வேண்டுமே. இங்கே தானே முதலாளி, தானே தொழிலாளி. தன் கட்டைவிரலுக்கான 30 சதவிகிதத்தை யாரிடம் போய்க் கேட்பார்?

அதிலும், அந்த 30 சதவிகிதம் பொதுவான கணக்கு. உளி பிடிக்கிறவருக்குக் கட்டைவிரல் போனால் தொழிலே போச்சு, அது நூறு!

எனவே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் கதவு வேலை நடக்கும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருப்பீர்கள். ‘நாளைக்கே முடிச்சுக் குடுங்க ஆசாரி’ என்று விரட்டத் தோன்றும். விரட்டாதீர்கள். ஆணி தேடவும், பிளக்கைப் பிடுங்கவும் அவருக்கு இரண்டு நிமிஷம் வேண்டும். அதைக் கொடுங்கள். முடிந்தால் ஒரு மாஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள்.