எந்த சர்வர் வேகம்? 1999 பந்தயமும் நம்மூர்க் கணக்கும்

சாந்தோம் நெடுஞ்சாலையில் தினமும் போய் வருகிறவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. சிங்கப்பூரிலிருந்து கடலுக்கடியில் வருகிற இணையக் கேபிள் ஒன்றின் நிலையம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. ஐ2ஐ என்று பெயர். பாரதி நிறுவனமும் சிங்டெல்லும் சேர்ந்து 2002-ல் போட்டது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அது வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் கணினி உலகத்தில் ஒரு பெரிய சண்டை நடந்தது. விண்டோஸ் வேகமா, லினக்ஸ் வேகமா என்று. அந்தச் சண்டையை அன்றைய சென்னையிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. கேபிள் வந்த பிறகு அதே கணக்கு இன்னொரு முறை மாறுகிறது. அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

வெப் சர்வர் என்ற பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். கன்னிமாரா நூலகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஊழியர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து தருவார் இல்லையா, அந்த வேலைதான். நாம் ஒரு இணையப் பக்கத்தைக் கேட்கிறோம், எங்கோ இருக்கும் ஒரு கணினி அதை எடுத்து அனுப்புகிறது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் சீட்டை நீட்டினால் அந்த ஊழியர் எப்படிச் சமாளிப்பார் என்பதுதான் போட்டி. அவர் நடமாடுகிற கட்டடம் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டம். மைக்ரோசாஃப்ட் கட்டிய கட்டடம் விண்டோஸ் என்.டி.; அதில் வேலை பார்த்த ஊழியர் ஐ.ஐ.எஸ். இன்னொரு பக்கம் ஹெல்சிங்கியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி, உலகமெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதிய இலவச லினக்ஸ். அதில் 1995-ல் வெளிவந்த அப்பாச்சி. 1999-ல் உலகத்து இணையத் தளங்களில் பாதிக்கு மேல் அப்பாச்சியில்தான் ஓடின.

அந்த வருஷம் ஏப்ரல் மாதம் மைண்ட்கிராஃப்ட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. ஒரே கணினியில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருந்தார்கள். வெப் சர்வராக என்.டி. லினக்ஸைவிட 3.7 மடங்கு வேகம், கோப்புகளைப் பகிரும் சர்வராக 2.5 மடங்கு வேகம் என்றது அறிக்கை. என்.டி. விநாடிக்கு 3,771 கோரிக்கைகள் வரை தாங்கியது, லினக்ஸ் சுமார் 1,000-லேயே மூச்சு வாங்கியது. சோதனைச் செலவு மைக்ரோசாஃப்டினுடையது என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா! லினக்ஸ்காரர்கள் கொதித்துப் போனார்கள். என்.டி.-யை நிபுணர்கள் முறுக்கேற்றித் தயார் செய்திருக்கிறார்கள், லினக்ஸை அரைகுறையாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று புகார். ஜூன் மாதம் லினக்ஸ் தரப்பு ஆட்களையும் கூட வைத்துக்கொண்டு மறுபடி நடத்தினார்கள். அப்போதும் என்.டி.-தான் முந்தியது.

ஆக, தோல்வி உண்மையான தோல்விதான். காரணமும் கண்டுபிடித்தார்கள். அன்றைய லினக்ஸில் நெட்வொர்க் வேலையை ஒரு நேரத்தில் ஒரு பிராசசர்தான் பார்க்க முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். தபால் ஆபீஸில் நான்கு கவுண்ட்டர் திறந்துவைத்து, முத்திரைக் கட்டை மட்டும் ஒன்றே ஒன்று வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படி. இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு கோரிக்கை வந்தால் தூங்கிக்கொண்டிருக்கும் அத்தனை புரோகிராம்களும் ஒன்றாக எழுந்துவிடும். ஒன்றுக்கு வேலை கிடைக்கும், மற்றவை திரும்பப் படுக்கப் போகும். டாக்டர் வீட்டில் ஒரு டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் கூடம் முழுவதும் எழுந்து நிற்கிற மாதிரி.

சரி, அந்தப் பந்தயக் கணினி எப்படிப்பட்டது? அதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். டெல் பவர்எட்ஜ் 6300. உள்ளே 400 மெகாஹெர்ட்ஸ் ஜியான் பிராசசர் நான்கு. 4 கிகாபைட் நினைவகம். விநாடிக்கு 100 மெகாபிட் போகிற நெட்வொர்க் கார்டு நான்கு. நம்மில் அன்றைக்கு ரிச்சி தெருவில் போய் மதர்போர்டு ஒரு கடையில், ஹார்ட் டிஸ்க் இன்னொரு கடையில் என்று வாங்கி, ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து பி.சி. கட்டியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தப் பட்டியலைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். 32 மெகாபைட்டை 64 ஆக்குவதற்கு மாசச் சம்பளத்தைப் பார்த்த காலம் அது.

ஜெர்மனியில் ஹனோவரிலிருந்து வரும் ஒரு கணினிப் பத்திரிகை இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. அவர்களும் சொந்தமாகச் சோதித்தார்கள். ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு இருந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்டவருக்கு ஏற்ற மாதிரி அந்த நேரத்தில் தயாராகிற பக்கங்களில் லினக்ஸே நன்றாக ஓடியது. கார்டுகள் கூடிய பிறகுதான் என்.டி. பறந்தது. விலை குறைந்த கணினியில் லினக்ஸுக்குக் குறை இல்லை, குறை தெரியவேண்டுமென்றால் விலை உயர்ந்த கணினி வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

இப்போது நம்மூருக்கு வருவோம். பொது மக்களுக்கான இணையத்தை வி.எஸ்.என்.எல். தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15. அதற்கு முன்பே ஐ.ஐ.டி. மாதிரி இடங்களுக்கு எர்னெட் இருந்தது. வீட்டுக்கு வந்தது டயல்-அப். மோடம் கத்தி முடித்து இணைப்புக் கிடைப்பதற்குள் காபி ஆறிவிடும். கல்லூரி, கம்பெனி என்றால் கொஞ்சம் வசதியாக லீஸ்டு லைன், பெரும்பாலும் 64 கிலோபிட். அந்த லைனில் விநாடிக்கு 8 கிலோபைட்தான் போகும். ஒரு சின்னப் படத்தோடு 20 கிலோபைட் பக்கம் ஒன்று என்றால், அதை அனுப்பவே இரண்டரை விநாடி. பந்தயத்தில் தோற்ற லினக்ஸ் விநாடிக்கு ஆயிரம் கோரிக்கைக்குப் பதில் சொன்னது. அதாவது நாளைக்கு 8 கோடியே 64 லட்சம். நம் லைனில் விநாடிக்கு ஒரு பக்கம்கூட முழுசாக வெளியே போகாது. பந்தயக் கணினியின் நான்கு கார்டுகளையும் நிரப்ப வேண்டுமென்றால் 64 கிலோபிட் லைன் 6,250 வேண்டும். அந்த அளவு வேகம் நம்மூரில் யாருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

ஆகையால் மைலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருந்தவருக்கு 3.7 மடங்கு என்பது வெறும் செய்தி. அவர் பார்த்தது வேறு. லைசென்ஸுக்குக் கொடுக்கிற பணத்தில் இன்னொரு பி.சி. வாங்கலாமே என்பது ஒன்று. ராத்திரி கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமல் தானே எழுந்து வேலை பார்க்குமா என்பது இன்னொன்று. ஓரங்கட்டிய 486-ல் லினக்ஸைப் போட்டு, மானிட்டர்கூட இல்லாமல் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரே மோடத்தை ஆபீஸ் முழுவதும் பங்கிட்டுக்கொண்டார்கள். பார்த்த பக்கங்களைச் சேமித்துவைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் ஸ்க்விட் என்ற புரோகிராம் கல்லூரிகளுக்கும் பிரௌசிங் சென்டர்களுக்கும் பெரிய உதவி. வேகத்துக்காக இங்கே நடந்த உண்மையான வேலை அதுதான் என்பேன். லினக்ஸ் சி.டி. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வரும், ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் போட்டுக்கொள்வார்கள். சந்தேகம் கேட்க சென்னை லினக்ஸ் பயனர் குழு இருந்தது, ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடுவார்கள்.

இதை ஏழைகளின் சமாதானம் என்று யாராவது சொன்னால் ஹாட்மெயிலைக் காட்டலாம். நம்மில் பலருடைய முதல் இ-மெயில் முகவரி அதுதானே. நம்நாட்டு சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4-ல் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 1997 டிசம்பரில் அதை வாங்கியது. ஆனால் வெளியே மக்களுக்குப் பதில் சொல்லும் வெப் சர்வர்கள் ஆயிரக்கணக்கான சாதாரண பி.சி.-கள். அவற்றில் ஓடியது ஃப்ரீ-பி.எஸ்.டி. என்ற இன்னொரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டமும் அப்பாச்சியும். வாங்கிய பிறகும் 2000 வரை அப்படியே ஓடியது. அதாவது மைண்ட்கிராஃப்ட் அறிக்கைக்குப் பணம் கொடுத்த அதே சமயத்தில், அவர்களுடைய சொந்தத் தபாலாபீஸ் விலை குறைந்த கணினிகளிலும் இலவச மென்பொருளிலும் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய கணினியைத் திணற வைப்பதற்குப் பதில், பல சின்னக் கணினிகளை வரிசையாக நிறுத்திக் கூட்டத்தைப் பிரித்துவிடுகிற வழி அது.

லினக்ஸ்காரர்கள் திட்டிவிட்டு மட்டும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறை எங்கே என்று தெரிந்தது, உட்கார்ந்து சரி செய்தார்கள். 2000-ல் ரெட்ஹாட் நிறுவனத்தின் இங்கோ மோல்னார் டக்ஸ் என்ற வெப் சர்வரை எழுதினார். அந்த வருஷம் நடந்த வேறொரு பொதுச் சோதனையில், நான்கு பிராசசர் டெல் கணினியில் அது விண்டோஸைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கியது. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4-ல் முத்திரைக் கட்டைகள் ஒன்றுக்குப் பதில் பல ஆகிவிட்டன. மைண்ட்கிராஃப்ட் அறிக்கை வராமல் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகம். எதிராளி காசு போட்டு எடுத்துக் கொடுத்த எக்ஸ்-ரே!

அப்புறம்தான் சாந்தோம் கரைக்குக் கேபிள் வந்தது. ஐ2ஐ-யின் வடிவமைப்புத் திறன் விநாடிக்கு 8.4 டெராபிட் என்றார்கள். 64 கிலோபிட் லைனாகப் பிரித்தால் 13 கோடி லைன். முதல் நாளே அத்தனையும் திறந்துவிடவில்லை என்றாலும், அடைப்பு கம்பியிலிருந்து நகர ஆரம்பித்தது. 2004-ல் டாடாவின் கேபிளும் சென்னைக்கு வந்தது. அதுவரை நம்மூர்த் தளங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எங்கோ வாடகைக் கணினியில் குடியிருந்தன. பிறகு அம்பத்தூர், சிறுசேரி பக்கம் டேட்டா சென்டர்கள் எழுந்தன. 1999-ல் நமக்குச் சம்பந்தமில்லாமல் இருந்த கேள்வி இப்போது நம் வாசலுக்கே வந்துவிட்டது: ஒரு கணினி ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கும்? பத்தாயிரம் பேரை ஏன் கவனிக்கக் கூடாது என்று டான் கெகல் என்பவர் 1999-லேயே கேட்டிருந்தார். 2004-ல் ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்-எக்ஸ் அதற்கு நல்ல பதில். ஆளுக்கு ஒரு ஊழியரை ஒதுக்காமல், ஒரே ஊழியர் யாருடைய வேலை தயாரோ அதை மட்டும் பார்த்துக்கொண்டே போவார். சாதாரணக் கணினியே போதும்.

அரசாங்கப் பக்கமும் ஒரு வரி. நந்தனத்தில் இருந்த எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது, 2007 வாக்கில், சுமார் 30,000 கணினிகளையும் 1,880 சர்வர்களையும் லினக்ஸுக்கு மாற்றும் திட்டம் செய்தியானது. அதே வருஷம் ஜனவரியில் சி-டாக் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. இந்த முறை யாரும் 3.7 மடங்கு பற்றிப் பேசவில்லை. பேச்செல்லாம் விலை பற்றித்தான். 2012-ல் 35 டாலருக்கு ராஸ்பெரி பை வந்தது. உள்ளங்கை அளவு, 700 மெகாஹெர்ட்ஸ், 100 மெகாபிட் நெட்வொர்க் வசதி. ஒரு சின்ன சங்கத்தின் இணையத் தளத்துக்கு அதுவே தாராளம். அதில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். மைக்ரோசாஃப்டின் சொந்த அஸ்யூர் சேவையில்கூட வாடிக்கையாளர்கள் ஓட்டும் கணினிகளில் பாதிக்கு மேல் லினக்ஸ்தான் என்று 2019-ல் அந்தக் கம்பெனி ஆட்களே சொல்லிவிட்டார்கள்.