புதிதாகக் கோத்த கணினி தொடங்காமை: வகைகளும் காரணங்களும் தெளியும் முறையும்

1. வரையறையும் எல்லையும்

‘கணினி ஆன் ஆகவில்லை’ என்ற ஒரே முறையீட்டினுள் குறைந்தது நான்கு வேறுபட்ட நிலைகள் அடங்கியுள்ளன. விசையை அழுத்தியும் அசைவே இல்லாத பொறியையும், விசிறிகள் சுழன்றும் திரை இருண்டே கிடக்கும் பொறியையும் மக்கள் இதே சொல்லால்தான் குறிக்கின்றனர். ஆய்வுக்கு இப்பொதுமை உதவாது. எனவே தொடக்கம் என்பதை முதலில் வரையறுப்போம். மின்விசை அழுத்தப்பட்ட கணத்திலிருந்து இயங்குதளத்திடம் கட்டுப்பாடு ஒப்படைக்கப்படும் கணம் வரை, ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று எழுமாறு அமைந்த நிகழ்ச்சித் தொடரே தொடக்கம். அத்தொடர் ஓரிடத்தில் நின்றுவிடுவது தொடங்காமை.

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கோத்து, முதன்முறையாக மின்னேற்றப்படும் மேசைக் கணினியை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறோம். பல ஆண்டுகள் ஓடிய பொறி ஒருநாள் நின்றால் தேய்மானத்தை ஐயுறுவது முறை. புதிய பொறிக்கு அந்த ஐயம் பொருந்தாது. அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஆலையில் தனியே சோதிக்கப்பட்டவை. ஆனால் ஒருமுறைகூட ஒன்றாக இயங்கியதில்லை. ஆகவே காரணங்களை இவ்வரிசையில் ஐயுற வேண்டும் என்பது நம் கருத்து: முதலாவது பிணைப்புக் குறை, அதாவது இணைப்பு விடுபடுதல், முழுதும் அமராதிருத்தல், இடம் மாறுதல், இரண்டாவது ஒவ்வாமை, அதாவது இரண்டு நல்ல உறுப்புகள் ஒன்றையொன்று ஏற்காமை, மூன்றாவது பிறவிக் குறை, அதாவது உறுப்பே பழுதாக வந்திருத்தல். பலர் மூன்றாவதிலிருந்து தொடங்கி, நல்ல மதர்போர்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த போர்டிலும் அதே இருண்ட திரையைக் காண்கின்றனர்.

2. தொடக்கத்தின் படிகள்

1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அமைப்பே இன்றைய மேசைக் கணினிகளின் மின்னமைப்புக்கு அடிப்படை. அதன்படி, சுவர் விசையும் மின்வழங்கியின் பின்விசையும் போடப்பட்ட உடனேயே, கணினி அணைந்திருக்கும்போதும், 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஊதாக் கம்பி வழியே தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டிருக்கும். மின்வழங்கி என்று நாம் எழுதுவது கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பெட்டி, தாய்ப்பலகை என்பது மதர்போர்டு.

விசையை அழுத்தியதும் தாய்ப்பலகை பச்சைக் கம்பியைத் தரை மின்னழுத்தத்துக்கு இழுக்கிறது. மின்வழங்கிக்கு அதுவே எழுவதற்கான ஆணை. 12, 5, 3.3 வோல்ட் தடங்கள் உயர்ந்து, தத்தம் அளவில் 5 விழுக்காட்டு எல்லைக்குள் நிலைபெற்ற பின், அரை நொடிக்குள் சாம்பல் நிறக் கம்பி வழியே ஒரு குறிப்பு வருகிறது. அதை மின்நலக் குறிப்பு எனலாம். அக்குறிப்பு வரும்வரை செயலி எழுப்பப்படுவதில்லை.

அடுத்து, தாய்ப்பலகையிலுள்ள மின்னழுத்தச் சீராக்கிகள் 12 வோல்ட்டைச் செயலிக்கு வேண்டிய ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைக்கின்றன. பின்னர் பயாஸ் சில்லிலுள்ள நிரல் ஓடத் தொடங்குகிறது. அதன் முதற் பெரும் வேலை நினைவகப் பயிற்சி: செயலிக்கும் ராம் பட்டைக்கும் இடையே ஓடும் குறிகைகளின் காலத்தையும் அளவையும் பிழையின்றிப் படிக்கும்வரை சரிசெய்துகொள்ளுதல். இதன் பின்னர்தான் காட்சி உறுப்பு எழும். அதன் பின் சேமிப்பகம் தேடப்படும். இறுதியில் இயங்குதளம் ஏற்றப்படும். பயாஸ் நடத்தும் இச்சோதனைகளைத் தொடக்கத் தற்சோதனை என்கிறோம்.

இவ்வரிசையிலிருந்து ஒரு முடிவு உடனே கிடைக்கிறது. நினைவகம் காட்சிக்கு முந்தியது. ஆதலால் நினைவகக் குறை திரையில் எழுத்தாக வர வழியில்லை. இருண்ட திரையைக் கண்டதும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் ஐயுறுவது இப்படிமுறையை அறியாததன் விளைவு.

3. முதல் வகை: முழு அமைதி

விசிறி அசையவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் தொடர் முதலிரு படிகளுக்குள் நின்றிருக்கிறது. சுவர் விசை, பின்விசை, மின்கம்பியின் அமர்வு ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். அதன் பின் 24 முள் பெருஇணைப்பு. இது கொக்கி விழும்வரை வலுவாக அழுத்தப்பட வேண்டியது. பாதி அமர்ந்த நிலையிலும் முழுதும் அமர்ந்ததுபோலவே தோன்றும்.

இவ்வகையில் நாம் மிகுதியாக ஐயுறுவது கேபினெட்டின் முன்விசைக் கம்பியைத்தான். அது செருகப்படும் முட்கள் மிகச் சிறியவை, அருகருகே நிற்பவை, பலகைக்குப் பலகை இடம் மாறுபவை. கையேட்டின் படத்தை ஒப்பிட்டே செருக வேண்டும். விசைக் கம்பிக்கு நேர், எதிர் வேறுபாடு இல்லை; விளக்குக் கம்பிகளுக்கு உண்டு. விசையே குறையா என்றறிய, அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, உரிய இரண்டு முட்களையும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் தொடலாம். பொறி எழுந்தால் குறை விசையிலோ அதன் கம்பியிலோ உள்ளது.

எழாவிட்டால் மின்வழங்கியைத் தனியே சோதிக்க வேண்டும். எல்லா உறுப்புகளிலிருந்தும் அதைக் கழற்றி, 24 முள் இணைப்பின் பச்சைக் கம்பித் துளையையும் ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பித் துளையையும் சிறு கம்பியால் இணைத்துப் பின்விசையைப் போட்டால் அது எழ வேண்டும். கம்பிகள் அனைத்தும் கறுப்பாக இருப்பின் கையேட்டின் முள் எண்ணைக் கொண்டே இடத்தை அறிய வேண்டும். பச்சைக்குரியது 16ஆம் முள். சில மின்வழங்கிகளில் சுமை குறைவாக இருக்கும்போது விசிறி சுழலாது என்பதால், மல்ட்டிமீட்டரின் அளவே நம்பத்தக்க சான்று: 12 வோல்ட் தடத்தில் 11.4 முதல் 12.6 வரை. இங்கும் ஒரு வரம்பு உண்டு. சுமையின்றிச் சரியான அளவைக் காட்டும் மின்வழங்கி, சுமை ஏறியதும் சரியக்கூடும். ஆகவே இச்சோதனையில் தோற்றது கெட்டது என்று துணியலாம்; தேறியது நல்லது என்று துணிய இயலாது.

மின்வழங்கியின் பெட்டியை எக்காரணத்துக்கும் திறக்கக் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்க வல்லது.

4. இரண்டாம் வகை: எழுந்து அடங்குதல்

விசிறிகள் சுழன்று உடனே நிற்பதும், நின்று மீண்டும் தாமே சுழல்வதும் இவ்வகை. எத்தனை நேரத்தில் அடங்குகிறது என்பதே இங்குத் தலையான சான்று.

ஒரு நொடிக்குள் அடங்கினால் குறுக்குச்சுற்று ஐயுறத்தக்கது. மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்கிறது. தாய்ப்பலகையைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று, பலகையில் துளையில்லாத இடத்தில் மிகையாக நின்று அடிப்புறப் பற்றவைப்புகளைத் தொடுவது இதற்கு ஒரு காரணம். நழுவி விழுந்த திருகாணியும் இதையே செய்யும். இன்னொன்று கிராபிக்ஸ் கார்டுக்குரிய 8 முள் கம்பியைச் செயலிக்குரிய இடத்தில் வலிந்து செருகுதல். முன்னது 6, 2 எனவும் பின்னது 4, 4 எனவும் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் தரையும் இடம் மாறி அமைந்தவை. செருகிகளின் வடிவம் வேறாயினும் வலிமையால் நுழைத்துவிட முடிகிறது என்பதே இதன் அபாயம். பழைய மின்வழங்கியின் கழற்றக்கூடிய கம்பிகளைப் புதியதில் பயன்படுத்துவதும் இத்தகையதே. பெட்டிப் பக்கத்து முள்வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தவறான கம்பி உறுப்புகளை எரித்துவிடும்.

சில நொடிகளோ சில நிமிடங்களோ ஓடி அடங்கினால் வெப்பத்தை நோக்க வேண்டும். குளிர்விப்பானின் அடித்தகட்டில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளை உரிக்காமல் பொருத்துதல், ஒரு மூலை இறுகாதிருத்தல், நீர்க்குளிர்விப்பானின் பம்புக் கம்பியை விட்டுவிடுதல் ஆகியவை காரணங்கள். செயலி தன் வெப்பம் எல்லை கடந்ததும் பொறியை அணைத்துவிடும்.

மீண்டும் மீண்டும் தானே எழும் பொறியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. டி.டி.ஆர்.5 நினைவகம் கொண்ட பொறிகளில் முதல் தொடக்கத்தின்போது நினைவகப் பயிற்சி சில நிமிடங்கள் நீளக்கூடும். இடையில் பொறி தானே அணைந்து எழுவதும் உண்டு. 2022இல் வந்த ஏ.எம்.5 தளத்தில் இதைப் பலரும் கண்டுள்ளனர். பத்து நிமிடம் காத்திராமல் மின்சாரத்தைப் பிடுங்குபவர் பயிற்சியைத் தொடக்கத்துக்கே தள்ளுகிறார். இல்லாத பழுதைத் தேடவும் புறப்படுகிறார்.

5. மூன்றாம் வகை: ஓட்டம் உண்டு, காட்சி இல்லை

புதுக் கணினி கோப்பவரை மிகவும் அலைக்கழிப்பது இவ்வகையே. எல்லாம் இயங்குவதுபோல் தோன்றுவதால் தேடும் இடம் தெரிவதில்லை. இங்குக் காரணங்களை எளிமையிலிருந்து அருமைக்குச் செல்லும் வரிசையில் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, செயலிக்கான தனி மின்னிணைப்பை விட்டுவிடுதல். விசிறிகளுக்கு 24 முள் இணைப்பிலிருந்தே மின்சாரம் கிடைத்துவிடுவதால் அவை சுழலும். செயலிக்கோ ஒன்றும் எட்டாது. பலகையின் மேல் இடமூலையில், கேபினெட்டின் கூரைக்கு நெருக்கமாக இது இருப்பதால் கண்ணுக்குத் தப்புகிறது.

இரண்டாவது, திரைக் கம்பியின் இடம். தனிக் கிராபிக்ஸ் கார்டு இருக்கையில் கம்பியைத் தாய்ப்பலகையின் பின்வாயிலில் செருகினால் பெரும்பாலும் காட்சி வராது. இன்டெல் கோர் ஐ5-12400எஃப் போல எஃப் என முடியும் செயலிகளிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் காட்சித் திறனே இல்லை. இவற்றுக்குத் தனிக் கார்டு இன்றியமையாதது. அது இல்லாத பொறி இருண்டிருப்பது இயல்பே.

மூன்றாவது நினைவகம். நான்கு இடங்கள் கொண்ட பலகையில் இரண்டு பட்டைகளை இடும்போது, செயலியிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் இடங்களையே பெரும்பாலான கையேடுகள் விதிக்கின்றன. ஒருபுறம் மட்டும் பிடிப்பு உள்ள பலகைகளில், மறுபுறம் அமராமலே பிடிப்பு விழுந்துவிடுவதுண்டு. இரு முனைகளையும் தனித்தனியே அழுத்திப் பார்க்க வேண்டும்.

நான்காவது ஒவ்வாமை. 2018இல் வந்த பி450 தாய்ப்பலகைகளில், 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 செயலிகள் பழைய பயாஸுடன் எழமாட்டா. செயலி நல்லது, பலகையும் நல்லது. பலகையிலுள்ள நிரலுக்குச் செயலியைத் தெரியாது. சில பலகைகளில் செயலி இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உண்டு. இல்லாதவற்றுக்குப் பழைய செயலி ஒன்றை இரவல் பெற வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பலகையையும் செயலியையும் சேர்த்து வாங்குவோர், பயாஸ் பதிப்பைக் கடையிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்வது இந்த அலைச்சலைத் தவிர்க்கும்.

இவற்றிடையே வழிகாட்டுவன பலகை தரும் அடையாளங்கள். இன்றைய பலகைகள் பலவற்றில் செயலி, நினைவகம், காட்சி, சேமிப்பகம் என நான்கு சிறு விளக்குகள் உள்ளன. சிலவற்றில் ஈரிலக்கக் குறியீட்டுக் காட்டி உண்டு. பீப் ஒலியின் பொருள் பயாஸுக்குப் பயாஸ் மாறும். நீண்ட ஒன்றும் குறுகிய இரண்டும் அவார்டு பயாஸில் காட்சிக் குறையைச் சுட்டும். ஒலிப்பானே இல்லாமல் கேபினெட்டுகள் வருவதால், அதைத் தனியே வாங்கிப் பொருத்துவது பயனுடைய செலவு.

அடையாளத்தைப் படிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. எரியும் விளக்கு தொடர் எங்கு நின்றது என்று சொல்கிறது. எந்த உறுப்பு கெட்டது என்று சொல்வதில்லை. நினைவக விளக்கையே சான்றாகக் கொள்வோம். நினைவகக் கட்டுப்படுத்தி ஏ.எம்.டி. செயலிகளில் 2003 முதலும், இன்டெல் மேசைச் செயலிகளில் 2008 முதலும் செயலிக்குள்ளேயே இடம்பெறத் தொடங்கியது. எனவே ராம் பட்டை குறையற்றதாக இருந்தும், சாக்கெட்டில் வளைந்த ஒரு முள்ளோ, ஒருபக்கமாக இறுக்கிய குளிர்விப்பானோ நினைவக விளக்கை எரியவிடும். பட்டையை மாற்றியும் விளக்கு மாறாவிட்டால் செயலியைத் தூக்கிச் சாக்கெட்டைப் பார்ப்பதே அடுத்த படி.

6. நான்காம் வகை: காட்சி உண்டு, இயங்குதளம் இல்லை

திரையில் எழுத்து வந்துவிட்டால் பெரும்பகுதி கடந்தாயிற்று. சேமிப்பகம் பயாஸில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் அதன் கம்பியையோ, எம்.2 இடம் அவ்வகைச் சேமிப்பகத்தை ஏற்குமா என்பதையோ நோக்க வேண்டும். தெரிந்தும் இயங்குதளம் இல்லை என்ற செய்தி வந்தால், வெற்றுச் சேமிப்பகத்துக்கு அது முறையான மறுமொழி.

7. நீக்கல் முறை

மேற்கண்ட அடையாளங்களால் தெளிவு பிறக்காதபோது நீக்கல் முறையைக் கையாள வேண்டும். தொடக்கத் தற்சோதனைக்கு இன்றியமையாதவை மட்டும் எஞ்சுமாறு பிறவற்றைக் கழற்றிவிடுதல் என இதை வரையறுக்கலாம். எஞ்சுபவை மின்வழங்கி, தாய்ப்பலகை, குளிர்விப்பானுடன் செயலி, ஒரே ஒரு ராம் பட்டை, செயலிக்குக் காட்சித் திறன் இல்லையெனில் கிராபிக்ஸ் கார்டு. இவற்றைக் கேபினெட்டுக்கு வெளியே, பலகை வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துத் தொடங்கிப் பார்க்க வேண்டும். வெள்ளி நிற நிலைமின் தடுப்புப் பையின் மேல் வைக்கக் கூடாது. அதன் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. வெளியே எழும் பொறி உள்ளே எழாவிட்டால் குறை கேபினெட்டின் கால்களிலோ விசைக் கம்பியிலோ உள்ளது என்று உறுதியாகிறது.

வெளியேயும் எழாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, 3 வோல்ட் சி.ஆர்.2032 மின்கலத்தைக் கழற்றியோ, உரிய முட்களை இணைத்தோ பயாஸ் அமைவுகளை அழிக்க வேண்டும். பின்னர் பட்டைகளைச் சோதிக்கலாம். இரண்டு பட்டைகள், இரண்டு இடங்கள் எனில் நான்கு சேர்க்கைகள். ஒரு பட்டை எவ்விடத்திலும் தோற்றால் குறை பட்டையில். ஓர் இடம் எப்பட்டைக்கும் தோற்றால் குறை இடத்திலோ செயலியின் அமர்விலோ.

ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றிப் பொறி எழுந்துவிட்டால் காரணம் எது என்பது மறைந்துபோகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் மின்கம்பியைப் பிடுங்கி, விசையைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும்.

8. உறுப்பின்மேல் குறை சாட்டுதல்

ஓர் உறுப்பைப் பழுது என்று துணிய இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அவ்வுறுப்பு நன்கு இயங்கும் வேறொரு பொறியிலும் தோற்க வேண்டும். அதன் இடத்தில் இட்ட மற்றொன்று நம் பொறியில் வெல்ல வேண்டும். ஒன்று மட்டும் நிறைவேறினால் அது ஐயமே. ஒவ்வாமைக்கு இன்னும் இடமுண்டு. மாற்று உறுப்பு வீட்டில் இல்லாதவர் வாங்கிய கடையிலேயே இச்சோதனையைச் செய்துதரக் கேட்கலாம்.

சாக்கெட்டில் முள் வளைந்த தாய்ப்பலகைகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதத்தில் ஏற்பதில்லை. நல்ல பலகையைத் திருப்பி அனுப்பும்போதும், முட்கள் வழியில் வளையாதிருக்க, சாக்கெட்டின் மேல் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அவை கேட்கின்றன. செயலியைப் பொருத்தியபோது கழன்று விழும் அந்த மூடியை, உத்தரவாதக் காலம் முடியும்வரை பெட்டியில் போட்டு வைத்திருங்கள்.